டெஸ்டே இல்லாத நிரலை எதை நம்பித் திருத்துவது?

பழைய நிரலைச் சுத்தமாக்கித் தாருங்கள் என்று கேட்பவர்கள், அது சரியாக இயங்குகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்றுகூட அதற்கு இல்லை என்று நாம் சொன்னதும், "அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயை அடைத்துவிடுகிறார்களே, அந்தப் "பிறகு" எந்த நிறுவனத்திலாவது ஒரு முறையாவது வந்திருக்கிறதா?

எங்கள் தலையில் கட்டப்பட்டிருப்பது, பைதான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைதான் 2-இல் எழுதிய பில்லிங் மென்பொருள். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் முடித்தார்கள். அப்போதெல்லாம் அசையாமல் இருந்த நிர்வாகத்துக்கு, இப்போது அதைப் புதிய பதிப்பான பைதான் 3-க்கு மாற்றத் திடீர் அவசரம். வரிக் கணக்கு, தள்ளுபடி, டேட்டாபேஸில் பதிவது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது என எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் திணித்து வைத்தவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.

வெளியில் தெரியும் நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்குவதற்குத்தான் ரீஃபாக்டரிங் என்று பெயர். நடத்தை மாறவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? 112.50 ரூபாயை முழு ரூபாயாக்கச் சொன்னால் பைதான் 2-இன் ரவுண்ட் கட்டளை 113 என்று தரும். பைதான் 3-இன் ரவுண்டோ, சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளுவதால், 112 என்று தரும். 113.50-ஐக் கொடுத்தால் இரண்டுமே 114 என்கின்றன, ஆகவே நாலைந்து பில்களைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுகிறவருக்கு இது சிக்கவே சிக்காது. பிழைச் செய்தி வராது, புரோகிராம் நிற்காது, பில் மட்டும் தப்பாகப் போகும்.

பழைய பில்களையே உள்ளீடாகக் கொடுத்து, இன்றைய மென்பொருள் தரும் விடைகளை, அதிலுள்ள பிழைகளோடு சேர்த்து, அப்படியே பதிவுசெய்துகொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அவகாசம் கேட்டோம். "டெமோவில் காட்ட அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் மேலாளர். ஒன்றும் இல்லைதான் ஐயா, அஸ்திவாரத்தை யாரும் டெமோ காட்டுவதில்லை.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடலுக்கு நேர்ந்ததைப் படிக்கட்டும். 2003-இல் பயன்பாட்டிலிருந்து விலக்கிய நிரலை அவர்கள் அழிக்காமல் வைத்திருந்தார்கள். 2005-இல் அதன் ஒரு பகுதியை இடம் மாற்றியபோது மறுபடி டெஸ்ட் செய்யவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருள் ஏற்றப்படாமல் விடுபட, அங்கே கிடந்த அந்தப் பழைய நிரல் விழித்துக்கொண்டு, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் பங்குச் சந்தைக்கு ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னதற்குக் கிடைத்த பதில், "ஏஐ கருவியிடம் கொடுத்தால் ஒரே இரவில் மாற்றித் தந்துவிடுமே" என்பது. கொடுத்தார்கள், மாற்றியும் தந்தது. தான் மாற்றிய நிரலைப் பார்த்துத் தானே டெஸ்டும் எழுதி, 112-தான் சரியான விடை என்று உறுதிசெய்து, எல்லா டெஸ்டும் தேறிவிட்டதாகப் பச்சையில் காட்டுகிறது. அந்தப் பச்சையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு முந்தைய வாரத்தில் ரிலீஸ் தேதியையும் குறித்துவிட்டார்கள்.