உத்தரவாதம் முடிந்துவிட்டதாம்

என் கணவரின் கைக்கடிகாரத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்தவர்களுக்குக் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு கடையில் வாங்கிய விலை உயர்ந்த கடிகாரத்துக்குள் ஒரு திருகு தளர்ந்து பழுதாகிவிட்டது, அதைச் சரிசெய்யக் கடைக்காரர் எங்களிடமே முழு சர்வீஸ் கட்டணம் கேட்கிறார். முழுக்கதையையும் மறுபடியும் முதலிலிருந்து எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும். ஆர்ச்சர்ட் சாலைக் கடையிலிருந்து நேற்று வந்த மின்னஞ்சல்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஈராண்டு உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டபடியால் தங்களுக்கு எந்தக் கடப்பாடும் இல்லை என்றும், இருந்தாலும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ சர்வீஸ் கட்டணத்தில் பத்து விழுக்காட்டைக் குறைத்துக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். 7,800 வெள்ளிக்கு விற்ற பொருளைப் பழுதுபார்க்க 1,150 வெள்ளி கேட்டுவிட்டு, அதில் 115 வெள்ளியைத் தள்ளுபடி செய்வதற்குப் பெயர் நல்லெண்ணமாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பது என் கேள்விக்குப் பதில் ஆகாது. உத்தரவாத அட்டை என்பது விற்பவர் தாமாக முன்வந்து கொடுக்கும் கூடுதல் வாக்குறுதி. சட்டம் வாங்குபவருக்குக் கொடுத்திருக்கும் உரிமை அந்த அட்டைக்கு முன்பே இருப்பது, அட்டை காலாவதியான பிறகும் இருப்பது. கடைக்காரர் விற்கும் பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்று நம் பொருள் விற்பனைச் சட்டம் சொல்கிறது. அந்தத் தரத்தை எடைபோடும்போது கொடுத்த விலையையும் பார்க்கச் சொல்கிறது. பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதையும் தரத்தின் ஓர் அம்சமாகவே குறிப்பிடுகிறது. அப்படியானால் எட்டாயிரம் வெள்ளியை நெருங்கும் கடிகாரம் எத்தனை ஆண்டு ஓட வேண்டும் என்பதுதான் கேள்வி. அட்டையில் என்ன தேதி அச்சாகியிருக்கிறது என்பது வேறு கேள்வி.

“அக்கா, மெக்கானிக்கல் கடிகாரம் என்றால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யத்தான் வேண்டும், இதுகூடவா தெரியாது?” என்று போன வாரப் பதிவின் கீழே தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தெரியும், தம்பி. உள்ளே இருக்கும் எண்ணெய் காய்ந்துபோகும், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போகும், அவற்றை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துதான் வாங்கினோம். ஆனால் இங்கே நடந்தது அது இல்லை. கை அசையும்போது சுழன்று சுழன்று கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லை முறுக்கும் அந்த அரைவட்டத் தகட்டை, ரோட்டர் என்பார்களே, அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்துவிட்டது. தகடு ஒரு பக்கம் சாய்ந்து, பின்பக்கக் கண்ணாடியைத் தாங்கும் உலோக விளிம்பில் உராய்ந்து, பிறை வடிவத்தில் பளபளவென்று ஒரு தடம் போட்டிருக்கிறது. உராய்வில் உதிர்ந்த பொடி இயந்திரத்தின் மேல் மினுமினுப்பதை அந்தக் கண்ணாடி வழியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லேசாக ஆட்டினால் கரகரவென்று சத்தம். எண்ணெய் காய்ந்தால் திருகு கழலுமா? தொழிற்சாலையில் சரியாக முடுக்காத திருகுக்குத் தேய்மானம் என்று பெயர் வைத்து, முழு சர்வீஸ் கட்டணத்தை என் தலையில் கட்டுவதைத்தான் கேட்கிறேன்.

கீழே போட்டிருப்பீர்கள் என்று இன்னொருவர் எழுதினார். போடவில்லை. கடிகாரத்தின் வெளிக்கூட்டில் ஒரு சிறு நசுங்கல்கூட இல்லை என்று அவர்களுடைய ரசீதிலேயே எழுதியிருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

“சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியதுதானே, இங்கே புலம்பி என்ன பயன்?” என்று கேட்டவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் அங்கே போவதற்கு ஈராண்டுக் கெடு உண்டு. தரம் குறைந்த பொருளை விற்றதாகச் சொல்லும் வழக்கில் அந்தக் கெடு பொருள் பழுதான நாளிலிருந்து ஓடுவதில்லை; பொருள் நம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஈராண்டு உத்தரவாதம் முடியும் அதே நேரத்தில் அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிடுகிறது. வழக்குத் தொடரப் பொதுவான வரம்பு ஆறு ஆண்டு என்பதால் உரிமை சாகவில்லை, உண்மைதான். ஆனால் அதை நிலைநாட்டச் சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், நிபுணரிடம் அறிக்கை வாங்க வேண்டும், 1,150 வெள்ளிக்காக அதைவிடப் பல மடங்கு செலவழிக்க வேண்டும். யார் போவார்கள்? யாரும் போகமாட்டார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

சரி, பழுதான பொருளை வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரரின் வேலை. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பாரம் நம்முடையது. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. என்ன ஆதாரத்தை வைத்து நான் நிரூபிப்பது? ஆதாரம் கடிகாரத்துக்குள் இருக்கிறது. வெளியே ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் திறந்தால், அங்கீகாரம் இல்லாதவர் கைவைத்துவிட்டார், அதனால்தான் திருகு தளர்ந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அவர்களிடமே கொடுத்தால் அவர்களே பரிசோதித்து, அவர்களே தீர்ப்புச் சொல்லி, அவர்களே கட்டணமும் வாங்கிக்கொள்வார்கள். திருகு ஏன் கழன்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படி எழுதித் தரும் வழக்கம் இல்லையாம்.

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் ஒரு முறை மக்கர் செய்தது. அங் மோ கியோவில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன மின்சாதனக் கடையில் வாங்கியது. பொது உத்தரவாதம் எப்போதோ முடிந்திருந்தது. கடைக்காரச் சீனப் பெரியவர் ரசீதைப் பார்த்தார், அவரே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார், மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் தனியாக இருக்கிறது என்று சொல்லி ஆள் அனுப்பி மாற்றிக் கொடுத்தார். ஆள் வந்த கூலி மட்டும்தான் எங்கள் செலவு. எழுநூறு வெள்ளி இயந்திரத்தின் ஓயாமல் சுழலும் மோட்டாருக்குப் பத்தாண்டு பொறுப்பேற்க ஒரு நிறுவனத்தால் முடிகிறது. அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விலை வைத்து, தலைமுறை தலைமுறைக்கும் நிலைக்கும் என்று விளம்பரம் செய்கிற கடிகாரத்தின் ஒரு திருகுக்கு ஈராண்டுக்கு மேல் பொறுப்பேற்க முடியாதாம்.

நுட்பமான பொருளுக்கு அவ்வளவுதான் உத்தரவாதம் தர முடியும் என்று வாதாடுபவர்கள் அதே தொழிலைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். ரோலெக்ஸ் 2015 முதல் ஐந்தாண்டு தருகிறது. ஒமேகா 2018-இல் ஐந்தாண்டுக்கு வந்துவிட்டது. ஈராண்டு என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை. அந்த நிறுவனத்துக்கு வசதியான கணக்கு, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவிலோ தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடிந்தாலும், விலைக்கும் தரத்துக்கும் ஏற்ற நியாயமான காலம் வரை சட்ட உரிமை தொடரும் என்பதைப் பயனீட்டாளர் சட்டமே தெளிவாக வைத்திருக்கிறது. இங்கே உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியைச் சொல்லி அனுப்பிவிடலாம். பெரும்பாலோர் சரி என்று தலையாட்டிக்கொண்டு கடன் அட்டையை நீட்டிப் பணம் கட்டிவிடுவோம்.

கடைகளுக்கும் வாடகை, சம்பளம் எல்லாம் இருக்கிறது என்று எழுதிய அன்பரே, இருக்கட்டும். அதெல்லாம் சேர்த்துத்தானே 7,800.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது, “இது பணக்காரர்களின் பிரச்சினை, ஊரில் எத்தனையோ பேர் கஷ்டப்படும்போது இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்ற வரிதான். எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். நாங்கள் பணக்காரர்கள் இல்லை என்பது அவருக்கே தெரியும். முப்பது ஆண்டுக்கும் மேல் ஷிப்ட் வேலை பார்த்த என் கணவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் அது. அதை வாங்கிய அன்று எங்களைச் சோபாவில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, “மேடம், சார்” என்று உபசரித்தார்கள். பழுது என்று போன அன்று கண்ணாடி முகப்புக்கு முன்னால் நிற்கவைத்து “ஆன்ட்டி, உத்தரவாதம் முடிஞ்சிருச்சு” என்றார்கள். என் கணவர் என் கையைப் பிடித்து, வா போகலாம், பெரிய இடத்தில் சத்தம் போடாதே என்றார். அந்தப் பெரிய இடத்தில் பணம் கட்டியது நாங்கள்தானே? பணம் கொடுக்கும்போது இல்லாத கூச்சம் பொருள் கெட்டுப்போனால் மட்டும் எங்கிருந்து வருகிறது? மலிவான பொருள் வாங்கியவர் கேட்டால், அந்த விலைக்கு அவ்வளவுதான் கிடைக்கும் என்கிறோம். விலை உயர்ந்ததை வாங்கியவர் கேட்டால் பணத்திமிர் என்கிறோம். பிறகு கேட்கத் தகுதியுள்ளவர்தான் யார்?

சர்வீஸுக்கான ஒப்புதல் தாளில் நாங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடிகாரம் அவர்களுடைய சர்வீஸ் நிலையத்தில்தான் இருக்கிறது. திருகைப் பற்றி எழுத்துபூர்வமாகப் பதில் வரும்வரை அங்கேயே கிடக்கட்டும். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சமரசம் பேசத்தான் முடியும், கடையைக் கட்டாயப்படுத்த முடியாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதுவும் தெரியும். விலை உயர்ந்த கடிகாரம் எதிலாவது இதே மாதிரி ரோட்டர் சாய்ந்து உராய்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், பின்பக்கக் கண்ணாடியைப் படமெடுத்து, வாங்கிய ரசீதோடு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன். பணக்காரப் பிரச்சினை என்று எழுத நினைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து இந்த முறை வேறு யாருடைய பதிவுக்காவது போய் எழுதுங்கள்.