அப்பாவின் கோடு போட்ட நோட்டும் ஒரு வக்கீல் கடிதமும்

அக்டோபர் வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பா தன் பழைய மைசூர்பாகு டப்பாவைக் கவிழ்ப்பார். ஆரஞ்சு நிறத்தில் ஏழு மாத்திரைக் குப்பிகள் உருண்டு விழும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், ரத்தம் கட்டாமல் இருக்க எலிக்விஸ், அப்புறம் இன்னும் மூன்று. கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கணக்கு எழுதிய கை அது. கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இடது பக்கம் மருந்துகளும் மேலே மருந்து இன்சூரன்ஸ் பிளான்களும் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் லேப்டாப்பில் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் கட்டங்களை நிரப்புவார்.

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மாத்திரை மருந்துக்கென்று 'பார்ட் டி' என்று ஒரு பகுதி உண்டு. 2003-ல் சட்டமாகி 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணத்தில் பெரும்பங்கு அரசுடையது, ஆனால் பிளான்களை நடத்துவது தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள். முதல் வருடமே பல மாநிலங்களில் 40-க்கும் மேற்பட்ட பிளான்கள் வந்து குவிந்தன. ஒரே மாத்திரை ஒரு பிளானில் விலை குறைந்த முதல் அடுக்கில் இருக்கும், இன்னொன்றில் மூன்றாம் அடுக்கில் இருக்கும், வேறொன்றின் பட்டியலிலேயே இருக்காது. எந்த மருந்துக்கடையில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். இது போதாதென்று வருடா வருடம் எல்லாம் திருத்தப்படும். அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7-க்குள் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

போன வருடம் அப்பா போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஒரு பிளானுக்கு மாதம் 9 டாலர் பிரீமியம், இன்னொன்றுக்கு 46. யாராக இருந்தாலும் 9 டாலர் பக்கம்தான் கை போகும். ஆனால் மருந்துச் செலவைச் சேர்த்தால், முதலாவதில் வருடத்துக்கு 108-ம் 1,340-ம் சேர்ந்து 1,448 டாலர், இரண்டாவதில் 552-ம் 610-ம் சேர்ந்து 1,162. எல்லாம் எலிக்விஸ் செய்த வேலை. அப்பா 286 என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

சரி, இந்தக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் இதே கணக்கைப் போடும் பக்கம் ஒன்று வைத்திருந்தோம். மருந்துப் பட்டியலையும் ஊர் அஞ்சல் எண்ணையும் கொடுத்தால் பிளான்களை வருட மொத்தச் செலவு வாரியாக வரிசைப்படுத்திக் காட்டும், அவ்வளவுதான். 2012-ல் ஒரு வக்கீல் கடிதம் வந்தது. மருந்துகளை உள்ளிட்டுச் செலவை ஒப்பிட்டுக் காட்டும் முறைக்குத் தங்கள் கட்சிக்காரரிடம் காப்புரிமை (பேட்டன்ட்) இருக்கிறது, உரிமத் தொகை கட்டுங்கள் அல்லது கோர்ட்டில் பார்ப்போம் என்று. எங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் காப்புரிமை வழக்கை நடத்தி முடிக்க ஆகும் செலவு எங்களைப் போன்ற கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. அந்த வாரமே வருட மொத்தச் செலவைக் காட்டும் பகுதியைத் தூக்கிவிட்டோம். மிச்சம் இருந்தது பிரீமியம் மட்டும். அதாவது 9 டாலர் பிளானை முதலில் காட்டும் பக்கம். அதைப் பார்த்து எத்தனை பேர் தப்பான பிளானில் சேர்ந்தார்களோ, இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

2014 ஜூனில், ஆலிஸ் என்ற கம்பெனியின் மென்பொருள் காப்புரிமை பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வெறும் கருத்தளவிலான ஒரு யோசனையைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் செய்வதாக எழுதிவிட்டால் மட்டும் காப்புரிமைக்குத் தகுதி வந்துவிடாது என்றார்கள். 2016-ல் மின்கட்டமைப்பு பற்றிய எலெக்ட்ரிக் பவர் குரூப் வழக்கில், தகவலைத் திரட்டுவது, அலசுவது, முடிவைக் காட்டுவது ஆகியவற்றை அடுக்கி வைப்பதும் அதே ரகம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நோட்டுதான் கண்முன் வந்தது. அவர் செய்வதும் திரட்டுவது, அலசுவது, காட்டுவதுதானே.

உழைத்து எழுதிய மென்பொருளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நானும் நிரல் எழுதித்தான் சாப்பிடுகிறேன். என் நிரலை அப்படியே நகலெடுத்தால் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒப்பிடுவதிலேயே யாராவது உண்மையான புதுத் தொழில்நுட்பம் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எது மலிவு என்று கூட்டிப் பார்க்கும் உரிமையை, அதுவும் மாத்திரை வாங்கப் பணம் போதாமல் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளும் முதியவர்கள் விஷயத்தில், 20 வருடத்துக்கு ஒருவர் வேலி போட்டு வைத்துக்கொள்வது அநியாயம்.

இப்போது எனக்கு இருக்கும் பயம் வேறு. செனட்டர்கள் தாம் டில்லிசும் கிறிஸ் கூன்சும் 2023-ல் கொண்டுவந்து 2025-ல் மறுபடி தாக்கல் செய்த காப்புரிமை மசோதா, ஆலிஸ் மாதிரியான தீர்ப்புகள் போட்ட தடைகளை எடுத்துவிடப் பார்க்கிறது. வணிக முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று அதிலும் ஒரு வரி உண்டு, ஆனால் இயந்திரம் இல்லாமல் நடைமுறையில் செய்ய முடியாததாக இருந்தால் அந்த விலக்கு பொருந்தாது என்று கூடவே எழுதியிருக்கிறார்கள். ஏழு மருந்து, இருபது பிளான், ஐந்து கடை. இதைக் கையால் போட்டு முடிக்க முடியாது என்று ஒரு வக்கீல் வாதாடினால் என்ன ஆகும்? கணக்கை இவ்வளவு சிக்கலாக்கியது பிளான்கள்தான். அந்தச் சிக்கலே வேலி போடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. அமெரிக்கக் குடிமக்களாக இருக்கும் நண்பர்கள் உங்கள் செனட்டருக்கு இதை எழுதுங்கள், நான் எழுதிவிட்டேன்.

அப்பா அம்மா உங்களோடு இங்கே மெடிகேரில் இருந்தால், அரசின் மெடிகேர் தளத்திலேயே பிளான்களை ஒப்பிடும் பக்கம் இலவசமாக இருக்கிறது, மருந்துப் பெயர், அளவு, கடை மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனைத் திட்டம் உண்டு. கூப்பிடும்போது மாத்திரைக் குப்பிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மில்லிகிராம் அளவு கேட்பார்கள்.