மாஸ்டர் கேட்டது ஒரு குழியும் ஒரு மருதங்கண்டும்

காலமான எங்கட மாஸ்டரின்ர இறுதிச் சடங்கு விசயத்தில வாய் திறக்கக்கூடாது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். நேற்று ஒருத்தர் "கிழவனுக்குக் கடைசி நேரத்தில மண்டை பிசகிப்போச்சு" எண்டு எழுத, அதுக்குக் கீழ அவரிட்டப் படிச்ச பெடியளே சிரிப்புக் குறி போட்டிருக்கிறாங்கள். இனி ஏலாது.

அந்த மனுசன் அப்பிடி என்ன கேட்டவர்? உடம்பு பழுதாகாமல் வைக்கிற ஊசி போடவேண்டாம், பெட்டி வேண்டாம், வேட்டியால சுத்திப் பொதுச் சுடலையின்ர ஒரு மூலையில தாட்டுவிட்டு, சீமெந்து பூசாமல் மேல ஒரு மருதங்கண்டு வையுங்கோ. இவ்வளவுதான். உள்ளூர்ச் சபையில சொன்ன பதில்: "அப்பிடி ஒரு நடைமுறை இல்லை." கடைசியில பொலிஷ் அடிச்ச பெட்டியில வைச்சு எரிச்சாச்சு. எல்லாருக்கும் நிம்மதி.

இல்லாத நடைமுறையோ? முசலியிலயும் நீராவிப்பிட்டியிலயும் முஸ்லிம் சனம் பெட்டி இல்லாமல் கபன் துணியோடதானே மண்ணுக்குள்ள போகுது? அதே நாடு, அதே சட்டம். விரும்பின எவரும் அப்பிடிப் போகலாம் எண்டு எழுத்தில போடுங்கோ எண்டுதான் கேக்கிறன். மேசையில இருக்கிறவரின்ர மனநிலையைப் பாத்து நடக்கிற விசயமா இது இருக்கக்கூடாது. மயானத்துக்கு எண்டு நாங்கள் இன்னும் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிற கட்டளைச் சட்டம் 1899இல வெள்ளைக்காரன் எழுதினது. அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலம் 2019இலேயே உடம்பை உக்கவைச்சு மண்ணாக்கிறதுக்குச் சட்டம் போட்டிட்டுது. 2021 கடைசியில காலமான பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, இருக்கிறதில மலிவான பெட்டி போதும், நெருப்பு வேண்டாம், தண்ணியில கரைக்கிற முறையில அனுப்புங்கோ எண்டவர். அவருக்கு மண்டை பிசகேல்லை. எங்கட மாஸ்டருக்குத்தான் பிசகிப்போச்சு!

அப்பா செத்தபோது அண்ணை கனடாவில இருந்து வரும்வரைக்கும் வைச்சிருந்தனாங்கள். போமலின் கண்ணைக் கரிக்கும், அதுக்கு மேல சாம்பிராணி. மலர்ச்சாலைக்காரர் அல்பம் கொண்டந்து விரிச்சார்: பித்தளைக் கைபிடி, உள்ளுக்குப் பட்டு, கண்ணாடி மூடி. ஆயுசு முழுக்கப் பாயில படுத்த மனுசனுக்கு மெத்தை. "வெளிநாட்டில பிள்ளை இருக்கு, குறைஞ்சதை எடுத்தாச் சனம் என்ன கதைக்கும்" எண்டு மாமா காதுக்குள்ள சொன்னார். நல்ல தேக்கு. பொழுதுபடமுதல் சாம்பல். காட்டில விறகு பொறுக்கிறவனைப் பிடிச்சு வழக்குப் போடுற நாட்டில இதுக்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லை.

"சைவத்தில புதைக்கிறதில்லை" எண்டு வகுப்பெடுக்க வாற ஐயாமாருக்கு: குழந்தைப்பிள்ளையளை எரிக்கிறனீங்களோ? சந்நியாசிமாரை? வீரசைவரை? கனகபுரம், விசுவமடு மாவீரர் துயிலுமில்லங்களில வரிசை வரிசையாத் தாட்டது ஆரின்ர பிள்ளையளை? அப்ப ஒருத்தரும் ஆகமம் கதைச்சதாத் தெரியேல்லை.

கிணத்துத் தண்ணி பழுதாப்போகுமாம். மாரியில எங்கட கிணறுகள் வாய்முட்ட நிக்கிறது உண்மைதான். குளத்துக்கும் கிணத்துக்கும் தள்ளி மேட்டுக் காணி பாத்து ஒதுக்கலாம், அதுக்குத்தானே சட்டம் கேக்கிறம். 2020இல இதே நிலத்தடி நீர்க் கதையைச் சொல்லித்தான் கொரோனாவில செத்த முஸ்லிம் சனத்தை, பச்சைப்பிள்ளையைக்கூட விடாமல், எரிச்சவை. 2024இல அரசாங்கமே மன்னிப்புக் கேட்டது. அரசாங்கம் கைவிட்ட பல்லவியை இப்ப எங்கட ஆக்கள் தூக்கிப் பாடுகினம்.

பண்டி கிண்டும் எண்டவருக்கு: ஆழமா வெட்டு ராசா. காணி இல்லை எண்டவருக்கு: வன்னியில காணி ஆரிட்டக் கிடக்கெண்டு உண்மையாவே தெரியாதோ?

எல்லாத்தையும் பொறுப்பன். பெட்டி இல்லாமல் அனுப்பிறது செத்தவைக்குச் செய்யிற அவமரியாதை எண்டு லண்டனில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா பாருங்கோ, அதைத்தான் பொறுக்க ஏலாமல் கிடக்கு. 2009 யுத்தத்தில மாத்தளனில சித்தியை அவவின்ர சீலையாலயே சுத்தி, பங்கர் வெட்டின மண்வெட்டியால மணலைத் தள்ளி மூடினனாங்கள். தேவாரம் பாதியில நிக்கச் செல் விழுந்தது. தலைமாட்டில நட ஒரு தடி கிடைக்கேல்லை. அது அவமரியாதை எண்டா, அக்கா, அண்டைக்கு நீங்கள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கலாமே.

சரி. சபை உறுப்பினர்மாரே, தேர்தலுக்கு என்ர படலை மட்டும் வந்தனீங்கள், வழி மறந்திருக்காது. பிரேரணைக்கு வரைவு எழுதி வைச்சிருக்கிறன். ஆரெண்டாலும் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. தேத்தண்ணியும் தருவன்.