எம் எழுத்தில் தொடங்கும் டிஇஏ எண்

"அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் யாருக்கும் சொந்த டிஇஏ எண் கிடையாது, டாக்டர் எண்ணில்தான் ஓபியாய்டு எழுதுகிறார்கள்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். அது தவறு. டிஇஏ என்பது அமெரிக்காவின் போதைமருந்து அமலாக்க அமைப்பு; ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி) போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுகிறவர்களுக்கு அது தரும் பதிவெண்தான் டிஇஏ எண். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் நோயறிந்து மருந்து எழுதும் அளவுக்கு மேற்பயிற்சி பெற்ற நர்ஸ்.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான கூட்டாட்சி விதிகளில் "மிட்-லெவல் பிராக்டிஷனர்" என்று தனி வகையே உண்டு. மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், பாத மருத்துவர் அல்லாத, ஆனால் மாநிலம் இந்த மருந்துகளுக்கு அனுமதி தந்தவர்கள் இதில் வருவார்கள்: நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து நர்ஸ், பிசிஷியன் அசிஸ்டன்ட் முதலியோர். அவர்கள் பதிவெண் எம்-இல் தொடங்கும். இரண்டாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து, பிறகு 7 இலக்கங்கள். 1, 3, 5-ஆம் இலக்கங்களின் கூட்டலோடு 2, 4, 6-ஆம் இலக்கங்களின் கூட்டலை இரட்டித்துச் சேர்த்தால், விடையின் கடைசி இலக்கம் 7-ஆம் இலக்கத்தோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் எண் போலி. மருந்துக்கடைக்காரர் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

குழப்பம் எங்கே வந்தது என்றும் புரிகிறது. வார்டில் மருத்துவர் எழுதிய மார்ஃபின் ஊசியைப் போடும் நர்ஸுக்குத் தனிப் பதிவு வேண்டாம். அவர் மருத்துவமனையின் பதிவின் கீழ் வேலை செய்கிறார். மருந்து எழுதுகிறவர் கதை வேறு. சில இடங்களில் அவரும் மருத்துவமனை எண்ணையே பின்னொட்டுக் குறியீட்டோடு பயன்படுத்தலாம், ஆனால் அதுவும் அந்த டாக்டரின் எண் இல்லை.

எம் எண் இருந்தால் எல்லாம் எழுதலாம் என்றும் நினைக்கவேண்டாம். வரம்பை வைப்பது மாநிலம். டெக்சாஸில் இவர்கள் இரண்டாம் அட்டவணை மருந்துகளை (மார்ஃபின் போல, தவறாகப் பயன்படுத்தப்படும் அபாயம் அதிகமுள்ளவை) பெரும்பாலும் மருத்துவமனையிலும் ஹாஸ்பிஸ் (வாழ்வின் இறுதிக்கட்டப் பராமரிப்பு) நோயாளிகளுக்கும் மட்டுமே எழுதமுடியும், அதுவும் மருத்துவர் ஒப்படைத்த அதிகாரத்தில்.