தேரிக் கல் தேரியிலேயே கிடக்கட்டும்

பங்குனி பிறந்துவிட்டால் திருச்செந்தூர் பக்கத்துக் குதிரைமொழித் தேரிக்குக் காரில் வந்து படம் பிடிக்கிற கூட்டம் தொடங்கிவிடும். வரட்டும், நல்லதுதான். திரும்பும்போது பாட்டிலில் செம்மணலும் பையில் 'அழகான கல்' ரெண்டும் சேர்ந்து போகிறதே, எனக்கு அதில்தான் சண்டை.

தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. காற்றுக்கு மணலை அள்ளத்தான் தெம்பு; கல்லைத் தூக்கிவர முடியாது. அப்படியானால் மேட்டு நடுவில் நகமளவு வெங்கச்சங்கல்லோ (குவார்ட்ஸ்), பழுப்பு நிறச் செர்ட் என்னும் வழவழப்பான கெட்டிக் கல்லோ கிடந்தால்? யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள்.

குனிந்து பாருங்கள். அடித்துப் பெயர்த்த சில்லு என்றால், அடி விழுந்த ஓரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். அங்கிருந்து, குளத்தில் கல் விழுந்த மாதிரி, வளைவு வளைவாக வரி ஓடும். செர்ட்டில் இது பளிச்சென்று தெரியும். வெங்கச்சங்கல் கண்டபடி நொறுங்கும் என்பதால் அதில் ஏமாந்துபோவது சுலபம்.

இவைதான் நுண்கற்கருவிகள், அந்தக் கால மனிதர்கள் செய்த சின்னஞ்சிறு கல் கருவிகள். கம்பிலோ எலும்பிலோ பதித்து அம்பு முனையாகவும் கத்தி அலகாகவும் பயன்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர் புரூஸ் ஃபூட் கண்ணில் பட்டுவிட்டன (பல்லாவரத்துக் கற்கோடரியை 1863-இல் கண்டெடுத்த அதே ஆள்). சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத் தேரிகளை ஆராய்ந்து 1956-இல் எழுதிய தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும், பழைய கடல்மட்டத்தை வைத்து கி.மு. 4000 வாக்கில் என்று கணித்தார்கள்.

ஒற்றைச் சில்லுக்கு மதிப்பு கிடையாது. பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதில்தான் சங்கதி. சில்லுகளை அடித்துப் பெயர்த்த மூலக்கல்லும் அதைச் சுற்றிக் கழிவுச் சில்லும் சேர்ந்து கிடந்தால் அது பட்டறை. அங்கே உட்கார்ந்து கருவி செய்திருக்கிறார்கள். நீங்கள் நடுவிலிருந்து நாலு கல்லை எடுத்தால் பட்டறையே காணாமல் போகும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், கல்லைத் தொடாதீர்கள். ஆடிக் காற்று அதை மூடும், வேறொன்றைத் திறக்கும்.

பிள்ளைகள் எதையாவது கொண்டுபோக அடம்பிடித்தால் நுங்கு வண்டி செய்து கொடுங்கள். காயை மேலே மட்டும் சீவி, விரலால் நுங்கைத் தோண்டித் தின்றபின் ஒரே அளவில் இரண்டு வெறுங்காய், ஒரு சாண் குச்சி, தள்ளுவதற்கு நீளமான கவட்டைக் கம்பு போதும். குச்சி நடுவில் ஏறாவிட்டால் வண்டி நொண்டும். ஒரு காய் சிறுத்தால் அந்தப் பக்கமே இழுக்கும். மறுநாள் காய் சுருங்கி அச்சு ஆடும். அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும்.

கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) தின்னலாம், பச்சைக் கொட்டையை மட்டும் பல்லால் கடிக்க விடாதீர்கள். தோட்டுப் பால் பட்டால் உதடு வெந்துபோகும்.

இன்னொன்று, தேரியைப் 'பாலைவனம்' என்று எழுதுகிறீர்கள். பெய்த மழையை அப்படியே குடித்து அடிவாரத்தில் ஊற்றாக விடுகிற மண் இது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஏற்கெனவே கல்லை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் இதைப் படித்துவிட்டுத் திரும்ப வந்து கண்ட இடத்தில் எறிந்துவிடாதீர்கள். பின்னால் ஆராய வருகிறவரை அது தப்பான வழியில் கொண்டுபோகும். எடுத்த இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, கல்லோடு சேர்த்து நெல்லை அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.