பிடிக்கிற கையை எடுங்கள், பெடலைக் கழற்றுங்கள்

போன மாசியில், 44 வயதில், நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மொத்தம் நான்கு காலைகள்தான் ஆயிற்று. அதற்கு முன் வாழ்க்கையில் இரண்டு முறை முயன்று விழுந்து விட்டுவிட்டவள் நான். என் பயத்தையும் வயதையும் இத்தனை நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கோளாறு முழுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருந்தது என்று இப்போது புரிகிறது. "இனிமே எங்க கத்துக்கிறது" என்று ஒதுங்கிவிட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர்களுக்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் பொள்ளாச்சி ரோடு. பஸ் இருக்கிறது, ஆனால் விடியற்காலையில் இல்லை. நான் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். ஐந்தரைக்குக் கதவைத் திறந்தாக வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்பே கேனோடு நாலு பேர் வாசலில் நிற்பார்கள். வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். பன்னிரண்டு வருஷமாக அந்த இரண்டரை கிலோமீட்டரை யாராவது ஒருவருடைய வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் கடந்தேன். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் அண்ணனைக் கூப்பிட வேண்டும். அண்ணன் ஊரில் இல்லையென்றால் இருட்டில் நடக்க வேண்டும். ஒரு நாள் நேரமாகிவிட்டால் பாலோடு நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பின்சீட்டில் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் தெரியும். நம் வேலைக்கு நாம் போவதற்கே ஒருவர் தூக்கம் கலைய வேண்டும்.

முதல் முயற்சி 1992இல், எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது. மணிக்கு ஒரு ரூபாய் வாடகைக்கு அண்ணன் சைக்கிள் எடுத்து வந்தான். அவன் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகினான். விழுந்தான், எழுந்தான், மறுநாளும் எடுத்தான். நான் ஒரே ஒரு தரம் விழுந்து தாடையில் அடிபட்டது. "பொம்பளைப் புள்ளை, மூஞ்சியில தழும்பானா யாரு கட்டிக்குவா" என்று அப்பத்தா அழுதார். அத்தோடு நின்றது. அடிபட்டது இரண்டு பேருக்கும்தான். மறுநாளும் வண்டி கிடைத்தது அவனுக்கு மட்டும்.

இதை எழுதும்போது அதே 1992இல் புதுக்கோட்டையில் நடந்தது நினைவுக்கு வருகிறது. அப்போது அங்கே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லித்தரும்போது, கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லித்தந்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், கிராமத்து நர்சுகள், பாதிப் பேருக்குக் குழந்தை குட்டி இருந்தது. அந்த வருஷம் மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒன்றாகச் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அங்கே பல பெண்கள் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் விரும்பிக் கேட்டார்கள் என்பது. முன்னால் இருக்கும் பாரில் இன்னொரு பிள்ளையை உட்கார வைக்கலாமே. சைக்கிள் எதற்கு என்று தெரிந்து கேட்டவர்கள் அவர்கள்.

எங்கள் மாநிலத்திலும் அப்போது எழுத்தறிவு அலைதான். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. என் அம்மா கையெழுத்துப் போடப் பழகியது அந்த வகுப்பில்தான். அம்மாவின் கைக்குப் பேனா வந்தது. காலுக்குப் பெடல் வரவில்லை. அம்மா கடைசிவரை சந்தைக்கு நடந்தே போனார்.

சரி, இரண்டாவது முயற்சி. 31 வயதில் வீட்டுக்காரரே சொல்லிக்கொடுத்தார். நல்ல மனசோடுதான் செய்தார், அதில் குறையில்லை. என்னை சீட்டில் ஏற்றி, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மிதி, மிதி, கீழே பார்க்காதே, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் நம்பி மிதித்தேன். அப்புறம் குரல் தூரமாகக் கேட்டது. கையை விட்டிருக்கிறார். அது தெரிந்த நொடியில் விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விலகி ஆறு வாரம் மாவுக்கட்டு. சொல்லாமல் விட்டால்தான் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வரலாம், அவர்கள் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், எடையும் கம்மி. அறுபது கிலோ உடம்பை ஏமாற்றிச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

போன மாசியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அண்ணன் மகள். அண்ணன் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான். அவள் அங்கே அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தபோது இலவச சைக்கிள் கிடைத்தது. இப்போது கல்லூரிக்கு பஸ்ஸில் போகிறாள், சைக்கிள் திண்ணையில் சும்மா நின்றது. "அத்தை, நீங்க எதுவும் பேசாதீங்க, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க" என்று அதைத் தள்ளிக்கொண்டு பெரியப்பாவின் களத்துக்கு வந்தாள். கடலைக்காய் காய வைக்கிற சிமென்ட் களம் அது. மழைத் தண்ணீர் வடிய ஒரு பக்கமாக லேசான சரிவு விட்டுக் கட்டியிருப்பார்கள். சுற்றிலும் பனை. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

முதல் வேலையாக அவள் பெடல் இரண்டையும் கழற்றினாள். 15 எண் ஸ்பானர். வலது பெடல் உடனே வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. நான் பலமாக முறுக்க முறுக்க இன்னும் இறுகியது. அப்புறம்தான் சொன்னாள், இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ், மற்ற நட்டைக் கழற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று. நாம் மிதிக்கிற மிதியில் கழன்று போகாமல் இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஸ்பானர் மேல் அவள் ஏறி நின்றாள். 'டக்'கென்று விட்டது.

அடுத்தது சீட்டை அடிவரை இறக்கினாள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தது. என் வாழ்நாளில் ஒரு சைக்கிள் மேல் பயமில்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். விழுவதற்கே வழியில்லை, காலை ஊன்றினால் முடிந்தது. "நடங்க அத்தை" என்றாள். உட்கார்ந்தபடியே நடந்தேன். பிறகு எட்டு வைத்துத் தள்ளினேன். பிறகு சரிவின் மேல்முனையில் நின்று இரண்டு காலையும் தூக்கச் சொன்னாள். அவள் கை வண்டி மேல் படவே இல்லை. பத்தடி தள்ளி நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நாள் 'மூணு' என்பதற்குள் கால் தரைக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் காலை களத்தின் கீழ்முனைவரை கால் படாமல் போனேன். பின்சக்கரம் மட்டும் 'டிக் டிக் டிக்' என்று சுற்றுகிற சத்தம், வேறு ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

எதிர்வீட்டு மலையாளத்துச் சேச்சி பார்த்துவிட்டு, "இதெந்தா, பெடல் இல்லாத்த சைக்கிளோ?" என்றார். முதல் சைக்கிளே அப்படித்தான் இருந்தது. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த மரவண்டிக்கு இரண்டு சக்கரம், ஒரு ஹேண்டில், ஒரு சீட்டு, அவ்வளவுதான். காலால் தரையை உந்தி உந்திப் போவார்கள். பெடல் வந்தது 1860களில். உலகமே முதலில் பேலன்ஸைக் கற்றுக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் மிதிக்க ஆரம்பித்தது. நாம்தான் ஒரு புது ஆளை ஏற்றி உட்கார வைத்த முதல் நிமிஷத்திலேயே இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறோம்.

கேரியரைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது ஏன் தப்பு என்று எனக்கு அந்தக் களத்தில்தான் விளங்கியது. உள்ளங்கையில் விளக்குமாற்றை நட்டுக்குத்தலாக நிறுத்திப் பாருங்கள். அது இடப்பக்கம் சாய்ந்தால் கையையும் இடப்பக்கம் கொண்டுபோவோம். சைக்கிளும் அதேதான். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் நமக்கு அடியில் வந்து தாங்கும். பயந்தவர்கள் எதிர்ப்பக்கம் திருப்புவார்கள், அதோடு விழுவார்கள். இது வாயால் சொல்லி வருகிற வித்தை இல்லை, சாய்வை உடம்பு உணர்ந்தால்தான் கை திரும்பும். பின்னால் ஒருவர் பிடித்திருக்கும்போது வண்டி சாயவே சாயாது. அந்தக் கை இருக்கிறவரை உடம்புக்குத் தப்பான சேதிதான் போகிறது. பிள்ளைகள் சைக்கிளில் பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டுகிறோமே, அதிலும் இதே குறைதான். வருஷக்கணக்கில் ஓட்டினாலும் பேலன்ஸ் மட்டும் வராது.

நான்காம் நாள் பெடல் மாட்டினாள். வலது பெடலை மேலே கொண்டுவந்து ஒரே மிதி, அப்புறம் பார்வை தூரத்தில். முதலில் ஒரு பனையையே பார்த்துக்கொண்டு போய் நேரே அதன் அடியில் போய் நின்றேன். எதைப் பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். மெதுவாகப் போனால் பத்திரம் என்ற நினைப்பும் தப்பு. மெதுவாகப் போகப் போகத்தான் ஆட்டம் அதிகம். கொஞ்சம் வேகம் பிடித்ததும் அதுவே நேராக நிற்கிறது.

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். பழகும்போது சுடிதார் போடுங்கள், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கை நன்றாகப் பழகிய பிறகு சேலையிலும் போகலாம். முழு செயின் கவர் உள்ள வண்டியாக இருக்க வேண்டும், முந்தானையை இழுத்துச் செருகியிருக்க வேண்டும். நான் இப்போது சேலையில்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆனி ஆடியில் எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவது தனிப் பாடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் திறந்த வாசல். தென்மேற்குக் காற்று முழுக்க அதன் வழியாகத்தான் எங்கள் மேல் பாய்கிறது. பனை ஓலை ராத்திரியெல்லாம் சலசலக்கும். எனக்கு சொசைட்டி மேற்கே இருக்கிறது. போகும்போது எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராத நாட்கள் இருந்தன. அப்படிப்பட்ட நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். வேலை முடிந்து திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். வாய்க்கால் கரையில் மிதிக்காமலே அரை கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

"இந்தக் காலத்தில் சைக்கிள் எதுக்கு, ஸ்கூட்டி பழகிக்கிட்டா போச்சு" என்று பலர் சொல்கிறார்கள். பழகுங்கள், நல்லதுதான். ஆனால் சைக்கிள் பேலன்ஸ் இல்லாமல் ஸ்கூட்டி எடுத்தவர்களை ரோட்டில் பார்க்கிறேன். இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டு, தரையைத் தேய்த்துக்கொண்டு, லாரி வந்தால் உறைந்து போகிறார்கள். நூறு கிலோ வண்டியில் பேலன்ஸ் பழகுவதைவிட இருபது கிலோ வண்டியில் பழகுவது எவ்வளவோ மேல். பெட்ரோலுக்கு வீட்டில் கை நீட்டவும் வேண்டாம்.

பள்ளிப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன், எனக்கு வந்ததும் அப்படிக் கொடுத்த சைக்கிள்தான். ஆனால் அந்தப் பெண்ணின் அம்மாவை யாரும் நினைப்பதில்லை. கற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: ஊர் கண் படாத ஒரு இடம், வீட்டு வேலை குறுக்கே வராத ஒரு மணி நேரம். இந்த இரண்டும் கிடைக்காமல்தான் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டிவிடுகிறார்கள். பள்ளி மைதானம் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிறது. 1998இல் கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் வாராவாரம் அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சுய உதவிக் குழு, கூடுகிறது. கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்த மைதானத்தைத் திறந்துவிட்டால் போதும். ஒரு பழைய சைக்கிளும் ஒரு ஸ்பானரும் இருந்தால் நடக்கிற காரியம். பஞ்சாயத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை களம் இருக்கிறது.

இதுவரை எங்கள் அயல்கூட்டத்தில் மூன்று பேர் பழகிவிட்டார்கள். நான்காவதாக வந்திருப்பவருக்கு 58 வயது, வீடு வீடாகத் தயிர் ஊற்றுகிறவர். "என்னையும் உட்கார வைப்பியா கண்ணு?" என்று கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. போன ஞாயிறு பன்னிரண்டு எண்ணும்வரை கால் தரையில் படவில்லை. இறங்கியதும் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவருக்குப் பெடல் மாட்டுகிறோம். இடது பெடலை எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும், அதை அவரையே செய்யச் சொல்லப் போகிறேன்.