பெரியப்பாதான் அப்பா

தலைப்பிலேயே போட்டாயிற்று. ஒரு நாவல் 231ஆம் பக்கம் வரை பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் இவ்வளவுதான்: கதாநாயகியின் உண்மையான அப்பா அவளுடைய பெரியப்பா. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாவலாசிரியருக்கு அனுப்ப நினைப்பவர்கள் தாராளமாக அனுப்பிக்கொள்ளலாம்.

மூன்று நாளாக நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள், திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த நாவலைக் காசு கொடுத்து வாங்கி, 256 பக்கத்தையும் படித்து, பிடித்திருக்கிறது என்றும் எழுதிய ஒரு பெண். இரண்டாவது வரியிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டார் என்பதற்காக அவரை மன்னிப்புக் கேட்க வைத்து, பதிவையும் அழிக்க வைத்தீர்கள். நான்கு வருட உழைப்பை ஒரே வரியில் கொன்றுவிட்டார் என்று நாவலாசிரியர் புலம்ப, கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள்.

ஒரு வரியில் செத்துப்போகிற நாவலுக்கு அதற்கு முன்னால் உயிர் இருந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

குடும்ப ரகசிய நாவலில் ரகசியம் கதையே கிடையாது. அது வெறும் தகவல், இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லை ஒரு வீட்டுக்குள் முப்பத்தைந்து வருஷம் எப்படிக் காப்பாற்றினார்கள், அதற்காக யார் யார் எதையெதை விழுங்கினார்கள் என்பதுதான் கதை.

கர்ணன் யார் மகன் என்பது பாரதம் கேட்கிற அத்தனை பேருக்கும் ஆரம்பத்திலேயே தெரியும். அதனால் யாராவது எழுந்து போனார்களா? அரங்கேற்றத்தில் கர்ணனும் அர்ஜுனனும் எதிரெதிரே நிற்கும்போது குந்தி மயங்கி விழுகிறாள். ஏன் விழுந்தாள் என்பது பாண்டவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கர்ணனுக்கே போருக்குச் சற்று முன்னால்தான் கிருஷ்ணன் சொல்கிறான். தர்மனுக்கு எல்லாம் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிற இடத்தில் தெரிகிறது. இனிமேல் பெண்களால் ரகசியமே காக்க முடியாமல் போகட்டும் என்று சபிக்கிறான். நீர்க்கடன் வரைக்கும் நம்மிடமும் மறைத்திருந்தால் அந்த மயக்கம் வெயிலில் வந்த மயக்கம், அவ்வளவுதான்.

கைப்பிரதி திருத்துவது என் வேலை. இப்படிப்பட்ட நாவல் வந்தால் முதலில் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுவேன். யாருக்குத் தெரியும், எந்த வருஷம் தெரிந்தது, எதன் மூலம் தெரிந்தது, தெரியாததுபோல் இருப்பதற்கு அவர் தினமும் என்ன செய்கிறார். முதல் மூன்றை எல்லோரும் நிரப்பிவிடுவார்கள். நான்காவது காலியாகவே கிடக்கும். நாவல் இருப்பதே அந்த நான்காவதில்தான். ரகசியம் தெரிந்தவர்கள் ஐந்து பேர் என்றால் அவர்களுக்குள் பத்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் அடுத்தவருக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியுமா? அம்மாவுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும், ஆனால் மற்றவளுக்குத் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரே வீடு, முப்பத்தைந்து வருஷம். இந்த ஒரு ஜோடியை வைத்து நூறு பக்கம் எழுதலாம். இந்த நாவலில் பாட்டி இரண்டு தடவை இருமுகிறார், பிறகு இறந்துபோகிறார்.

சமீபத்தில் பார்த்த ஒரு கைப்பிரதி. கதை நடப்பது 1964இல். கல்யாணத்துக்கு முன்பே அம்மாவுக்கு ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, கணவன் வீட்டுக்குத் தெரியாது. அவளுக்கு ரத்தம் ஆர்ஹெச் நெகட்டிவ் (வயிற்றில் இருக்கிற குழந்தை பாசிட்டிவ் என்றால் அதன் ரத்தம் இவளுக்கு ஒவ்வாது). ‘முதல்’ குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே உடம்பெல்லாம் மஞ்சள் பாரிக்கிறது. முதல் குழந்தைக்குச் சாதாரணமாக இவ்வளவு தீவிரமாக வராது. முந்தைய கர்ப்பத்தில் தாயின் உடம்பு அந்த ரத்தத்தை அழிக்கிற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்க வேண்டும், அல்லது ஒவ்வாத ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும். அதைத் தடுக்கிற ஆன்டி-டி ஊசி 1968இல்தான் புழக்கத்துக்கு வந்தது. டாக்டர் கேட்கிறார்: “இதுக்கு முன்னால பிரசவமோ கருக்கலைவோ ஆயிருக்காம்மா? ரத்தம் ஏத்தியிருக்காங்களா?” கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமியார் நிற்கிறாள். இவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே “இல்ல” என்கிறாள். டாக்டர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் எழுதிக்கொள்கிறார்.

முதல் வடிவத்தில் முந்தைய பிரசவம் கடைசி அத்தியாயம் வரை வாசகருக்கும் மறைக்கப்பட்டிருந்தது. அப்போது இந்தக் காட்சி வெறும் மஞ்சள் காமாலை. படிப்பவர்கள் தாண்டிப் போனார்கள். விஷயத்தை மூன்றாம் அத்தியாயத்துக்கு இழுத்து வந்த பிறகு, காட்சியில் ஒரு எழுத்தையும் மாற்றாமலே, அந்த “இல்ல” படிக்கிறவர் தொண்டையில் போய் நின்றது. ரகசியத்தை முன்னால் சொன்னதால் நாவல் சாகவில்லை, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தது.

வாசிப்பு அனுபவத்தைக் கெடுக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதல் தடவை படிக்கும்போது வருகிற அதிர்ச்சி ஒரு சுகம், அது வாசகருக்கு உரியது. அந்தப் பெண் மேலே ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரியைப் போடாததற்கு இவ்வளவு தண்டனையா?

துப்பறியும் நாவலுக்கும் இதையே சொல்வாயா என்றால், சொல்ல மாட்டேன். இது துப்பறியும் நாவல் இல்லை. அடுத்தது.

அடுத்ததுதான் உண்மையில் எரிச்சல். முடிச்சை அவிழ்த்ததற்கு இவ்வளவு கூச்சல் போட்டவர்களில் ஒருவராவது 198ஆம் பக்கத்தைப் படித்தீர்களா? ரத்த வகையில் அப்பா ஏ, அம்மா பி, மகள் ஓ. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மகளுக்குக் காலடியில் பூமி நழுவுகிறது. நழுவவே வேண்டாம். ஏ வகைக்காரரிடம் ஒரு ஏ மரபணுவும் ஒரு ஓ மரபணுவும் இருக்கலாம். பி வகைக்காரருக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் ஓ-வைக் கொடுத்தால் பிள்ளை ஓ. அப்படிப்பட்ட தம்பதிக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆக, கதாநாயகி தன் சொந்த அப்பாவுக்கே பிறந்த மகளுக்கான ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கம் அழுகிறாள்!

திருத்துவதற்கு அரை நிமிஷம் போதும். அப்பாவை ஓ ஆக்குங்கள், மகளை ஏபி ஆக்குங்கள், அம்மா பி-யாகவே இருக்கட்டும். இப்போது அந்த ஏ எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும். பெரியப்பா ஏ. அண்ணன் தம்பிக்கு வேறு வேறு வகை இருப்பது சகஜம். இன்னும் கொஞ்சம் உழைக்கத் தயார் என்றால், 1952இல் கண்டறியப்பட்ட பம்பாய் ரத்த வகை இருக்கிறது. சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் காட்டும், உள்ளே ஏ மரபணு இருந்தாலும் இருக்கும், பிள்ளைக்கும் போகும். அபூர்வம். அப்பாவுக்கு அந்த வகையாக இருந்துவிடக் கூடாதா என்று அந்த மகள் ஒரு வாரம் வேண்டிக்கொண்டு திரிந்திருப்பாள். அந்த ஒரு வாரம் எழுதப்பட்டிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

(டிஎன்ஏ கணக்கும் தப்பு. தம்பியோடு 25 சதவீதம் பொருந்துகிறது என்று வருகிறது. அம்மா ஒன்று, அப்பாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் சராசரி 37.5 வர வேண்டும்.)

ரத்த வகையையெல்லாம் யார் சார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கதாநாயகி பார்த்தாளே. அவள் வாழ்க்கை திரும்புவதே அதைப் பார்த்ததால்தானே.

இது போதாதென்று டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கடிதம் வேறு. தழும்பு, நகை மாதிரி அடையாளப் பொருளைக் காட்டி உண்மையைத் தெரியவைப்பதுதான் கலையில் ஆகக் கீழான வழி, நிகழ்ச்சிகளிலிருந்தே அது தானாகத் தெரியவருவதுதான் மேலானது என்று அரிஸ்டாட்டில் சொல்லி 2,300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெட்டியை இன்னமும் திறந்துகொண்டேதான் இருக்கிறோம்.

231இல் ரகசியம், 256இல் முற்றும். நடுவில் இருக்கிற 25 பக்கத்தில் சண்டை, அம்மாவுக்கு நெஞ்சுவலி, மன்னிப்பு, கடற்கரை. (அச்சில் ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். 256 என்பது சரியாக 16 ஃபாரம். இன்னொரு ஃபாரம் கூடிவிடக் கூடாது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.) வாசகருக்கு 90இல் சொல்லியிருக்கலாம். மகளுக்கு 170இல் தெரியட்டும். மகளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அம்மாவுக்கு 200இல் தெரியட்டும். நடுவில் இருக்கிற அந்த 30 பக்கத்தில் மகள் ஒன்றும் தெரியாததுபோல் அம்மா எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். காப்பாற்றுகிற வேலை கை மாறியிருக்கும். முப்பத்தைந்து வருஷம் அம்மா செய்ததை இப்போது மகள் செய்ய வேண்டும். அதை எழுதுவது கஷ்டம். அதிர்ச்சி கொடுப்பது சுலபம்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்றார்கள். நாவல் எழுத வராதவன்தான் அடுத்தவன் பிரதியில் பென்சிலோடு அலைவான் என்றார்கள். அதை விரும்பியவர்கள் பட்டியலில் தெரிந்த பெயர்கள் நிறைய இருந்தன. அதில் இரண்டு பேரின் புத்தகங்களில் அந்தப் பென்சில் எங்கெங்கே பட்டிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆமாம், எனக்கு நாவல் எழுத வராது. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஓ-வும் வரலாம் என்று சொல்ல நாவல் எழுதத் தெரிய வேண்டுமா?

பதிவை அழித்த அந்தச் சகோதரிக்கு: வரைவில் இருந்தால் திரும்பப் போடுங்கள். எல்லோரும் உங்கள் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், கடைசிப் பத்திக்கு யாரும் வரவில்லை. பெரியம்மாவுக்கு இது எப்போதிலிருந்து தெரியும், நாவலில் எங்குமே இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். மூன்று நாளாகிறது. அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை, எழுதியவர் உட்பட.